தாள் தாங்கும் நிறம்

மதுரையில் ஒரு கலர் லேபின் கரெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்து இந்தத் தொழிலைக் கற்றேன். ஸ்டுடியோக்காரர்களும் பொதுமக்களும் கொண்டுவரும் டிஜிட்டல் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அளவு, வெளிச்சம், நிறம் மூன்றையும் தாளுக்கு ஏற்றபடி சரிசெய்து, பிரிண்ட் மெஷினுக்கு அனுப்பும் வேலைக்குப் பெயர்தான் கரெக்‌ஷன். திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், தேனி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் கல்யாணப் படங்கள் பென்டிரைவிலும் ஹார்ட் டிஸ்கிலும் வந்து சேரும். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் முடிந்த கையோடு வரும் படங்களுக்கு மேசையில் இடம் போதாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மேசைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா. பிலிம் நெகட்டிவ் காலத்திலேயே வேலைக்கு வந்தவர். வயதில் மூத்த ஸ்டுடியோ முதலாளிகள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் நான் கற்றதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிவதையெல்லாம் தாள் தாங்காது. எதைத் தாங்கும், எதை விட்டுவிடும் என்று முன்கூட்டியே அறிந்து, விட்டுப்போகக் கூடாததைக் காப்பாற்றித் தர வேண்டும். இது தெரிந்தவர் கைபட்ட படத்துக்கும் அப்படியே மெஷினுக்குப் போன படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருவில் போகிறவரும் கண்டுபிடித்துவிடுவார்.

காலையில் லேப் திறந்ததும் யாருடைய படத்தையும் தொடக் கூடாது. மெஷினின் கெமிக்கல் தொட்டிகள் உரிய சூட்டுக்கு வந்தபின், நிறக் கட்டங்கள் கொண்ட ஒரு சோதனைத் தாளை முதலில் அச்சிட வேண்டும். அந்தக் கட்டங்களைக் கருவி அளந்து பார்த்து, தாளிலும் கெமிக்கலிலும் நேற்றைக்கும் இன்றைக்கும் ஏற்பட்ட மாற்றத்தை மெஷின் ஈடுசெய்துகொள்ளும். பேப்பர் ரோல் மாறினாலும் இதே சோதனைதான். “மெஷின்ல இருக்கிற கோளாறைப் படத்துல திருத்தக் கூடாது தம்பி. நாளைக்கு மெஷின் சரியாயிடும், நீ திருத்தின ஃபைல் கெட்டதாவே நிக்கும்” என்பார் அக்கா.

லேப் பிரிண்ட் மையால் அச்சாவதில்லை. ஃபியூஜி ஃப்ரான்டியர், நோரிட்சு போன்ற டிஜிட்டல் மினிலேப் மெஷின்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற லேசர் ஒளியால், வெள்ளி ஹாலைடு பூசிய தாளில் படத்தை வரைகின்றன. வெளி வெளிச்சம் பட்டால் அந்தத் தாள் பாழாகிவிடும். அதனால் மெஷினுக்குள் இருட்டிலேயே ஓடி, ஆர்ஏ-4 என்ற கெமிக்கல் முறையில் உருப்பெற்று வெளியே வருகிறது. அந்த முறையின் அடிப்படைக் கணக்கு, 35 டிகிரி செல்சியஸ் சூட்டில் டெவலப்பரில் 45 நொடி, பிளீச்-ஃபிக்ஸில் 45 நொடி, பிறகு கழுவல், உலர்த்தல். சிவப்பு ஒளி பட்ட இடத்தில் சயான் சாயம் உருவாகும். பச்சை ஒளிக்கு மெஜந்தா, நீல ஒளிக்கு மஞ்சள். கூடவே தோன்றும் வெள்ளியைப் பிளீச்-ஃபிக்ஸ் கரைத்து எடுத்துவிடும். கடைசியில் நம் கைக்கு வரும் கலர் பிரிண்டில் இருப்பது இந்த மூன்று சாயங்கள் மட்டுமே. மணப்பெண்ணின் மூக்குத்தி மின்னலும் தாத்தாவின் நரையும் இந்த மூன்றின் கூட்டல் கழித்தலில்தான் வந்தாக வேண்டும்.

மெஷினின் கரெக்‌ஷன் கீகளும் இதே கணக்கில் இருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், டென்சிட்டி என்று நான்கு. டென்சிட்டி என்பது படம் மொத்தத்தின் அடர்த்தி. கூட்டினால் இருளும், குறைத்தால் வெளுக்கும். நிறத்தைப் பொறுத்தவரை சிவப்புக்கு எதிர் சயான், பச்சைக்கு எதிர் மெஜந்தா, நீலத்துக்கு எதிர் மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் பச்சை ஏறியிருந்தால் மெஜந்தாவைக் கூட்ட வேண்டும். குண்டு பல்பு வெளிச்சத்தில் முகம் மஞ்சளித்திருந்தால் மஞ்சளைக் குறைக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். கண்ணுக்குப் பழக்குவதுதான் பாடு.

அதற்கு அக்கா ஒரு பயிற்சி வைத்திருந்தார். ஒரே முகத்தை எடுத்து, சரியான பிரிண்ட் ஒன்று, ஒவ்வொரு நிறத்தையும் ஒருபடி, இரண்டுபடி கூட்டியும் குறைத்தும் போட்ட பிரிண்ட்கள், டென்சிட்டி மாற்றிய பிரிண்ட்கள் என்று ஒரு கட்டு தயார் செய்வார். பின்பக்கம் குறிப்பு எழுதி, கலைத்து என் கையில் கொடுப்பார். வாசலுக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் பார்த்து, “மெஜந்தா ஒண்ணு கூட”, “மஞ்சள் ரெண்டு கம்மி” என்று சொல்ல வேண்டும். உள்ளே எரியும் விளக்கை நம்பக் கூடாது. பிரிண்டைப் பார்த்து மதிப்பிட உலகெங்கும் அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் ஒளியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்; அந்த விளக்கு இல்லாத இடத்தில் வாசல் வெளிச்சமே துணை. “முதல் பார்வையில மனசுல என்ன பட்டுச்சோ அதைச் சொல்லு. பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு சமாதானமாயிடும்” என்பார். அது உண்மை. நிறம் சாய்ந்த படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், அந்தச் சாய்வையே இயல்பு என்று நம் கண் ஏற்றுக்கொள்கிறது. அதனால் ஒரு படத்திலேயே நெடுநேரம் கிடக்காமல், சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டு வரும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த பாடம் திரை. தானே ஒளிரும் திரையில் படம் எப்போதும் உயிரோடு தெரியும். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். நல்ல கம்ப்யூட்டர் திரையில் மிகப் பளிச்சென்ற வெள்ளைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் 1000:1 அளவில் இருக்கும். பளபளப்பான போட்டோத் தாளில் அது 200:1 அளவுக்கு இறங்கிவிடும். இது தெரியாமல், புதிதாக வாங்கிய மானிட்டரை அப்படியே முழு வெளிச்சத்தில் வைத்துப் படம் திருத்துகிறவர்கள்தான் அதிகம். திரையில் பளிச்சென்று இருக்கும் படம் தாளில் இருண்டு வந்ததும் லேபைக் குறை சொல்வார்கள். கரெக்‌ஷன் மேசையின் மானிட்டரை 100 கேண்டெலா அளவுக்கு இறக்கி, அளவுக்கருவியை வைத்துச் சீர்செய்து வைத்திருப்பார்கள். கருவி இல்லாதவர்களுக்கு அக்கா சொல்லும் வழி ஒன்று உண்டு. லேபில் போட்ட நல்ல பிரிண்ட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதே ஃபைலைத் திறந்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன்பின் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது.

ஃபைலில் உள்ள எண்கள் எந்தெந்த நிறத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் வண்ணவெளி பற்றிய பாடமும் அப்போதுதான் வந்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணவெளியைத்தான் பெரும்பாலான லேப் மெஷின்கள் எதிர்பார்க்கின்றன. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட விரிவானது. கேமராவில் அதைத் தேர்ந்து எடுத்த படத்தை மாற்றாமல் அனுப்பினால், எண்களை மெஷின் எஸ்ஆர்ஜிபி என்றே படித்துவிடும். நிறமெல்லாம் சோர்ந்து வரும். ஃபோட்டோஷாப்பில் ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ என்ற கட்டளையால் மாற்ற வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களை விட்டுவிட்டுப் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும் என்பதால், அதைத் தொட்டால் நிறம் புரண்டுவிடும். கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் டிசைன் செய்து பழகியவர்கள் அச்சு என்றாலே சிஎம்ஒய்கே என்று எண்ணி அந்த முறையில் ஆல்பம் ஷீட்களை அனுப்புவார்கள். ஆஃப்செட் அச்சுக்கு அது சரி. லேசர் ஒளியால் எழுதும் மெஷினுக்கு ஆர்ஜிபிதான் மொழி. சிஎம்ஒய்கேயாக மாற்றியபோதே போய்விட்ட நிறம், திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் வராது.

அளவுக் கணக்கு எளியது, ஆனாலும் அன்றாடம் பிரச்சினை தருவது அதுதான். மெஷின் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் எழுதும். 4×6 பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும். 8×12 என்றால் 2400×3600. 12×18 என்றால் 3600×5400. கல்யாண ஆல்பத்தின் 12×36 ஷீட்டுக்கு 3600×10800. பெரிய படங்களைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள் என்பதால் அங்குலத்துக்கு 200 இருந்தாலும் நன்றாகவே வரும். அதற்குக் கீழே போகப் போக முகத்தின் விளிம்புகள் மசங்கும்.

பிக்சல் போதுமானதாக இருந்தாலும் விகிதம் ஒத்துவர வேண்டும். கேமரா படம் பெரும்பாலும் 3:2. பெரும்பாலான செல்பேசிப் படம் 4:3. 4×6 தாள் 3:2 என்பதால் செல்பேசிப் படத்தில் குறுக்குப்பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கேமரா படத்தை 8×10 கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். எங்கே வெட்டுவது என்று மெஷின் யோசிக்காது, இரண்டு பக்கமும் சமமாக வெட்டும். குழு போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஓடிவந்து சேர்ந்த சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருப்பார். வெட்டு அவர்மேல்தான் விழும். அதனால் எந்தப் படமானாலும் முதலில் அக்கா பார்ப்பது நான்கு ஓரங்களைத்தான். வெட்ட வழியில்லை என்றால், இரண்டு பக்கமும் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் தாளுக்குள் அடக்குவார். ஆல்பம் ஷீட்டில் நடு மடிப்பில் முகம் விழாமலும், ஓரத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் பெயரோ தலையோ வராமலும் பார்க்க வேண்டும். பைண்டிங்கில் ஓரம் தட்டும்போது அந்த இடத்தில்தான் கத்தி இறங்கும்.

என்னை அதிகம் பாதித்தது, இறந்தவர் படத்தைப் பெரிதாக்கக் கேட்டு வருபவர்கள்தான். “அப்பா தவறிட்டாருண்ணே. பதினாறாம் நாளுக்கு மாலை போடணும், பெருசா வேணும்” என்று செல்பேசியை நீட்டுவார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குடும்பப் படமாக இருக்கும். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் பெரும்பாலும் நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அதில் பத்துப் பேர் நின்றால், வேண்டிய முகத்துக்கு 150 பிக்சல் கிடைப்பதே கடினம். 300 கணக்கில் அது அரை அங்குலம்.

அக்கா உடனே வேலையில் இறங்கமாட்டார். முதலில் பேசுவார். யார் எடுத்த படம், எடுத்தவர் செல்பேசியில் இன்னும் இருக்கிறதா, இருந்தால் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல முடியுமா என்று கேட்பார். அப்படி வந்தால் சுருங்காத அசல் ஃபைல் கிடைத்துவிடும். இல்லையென்றால், “வீட்டுல பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஏதாவது இருக்கா பாருங்க. பேங்க் புக்குல, பீரோவுல” என்பார். பலரும் அந்தச் சின்னப் படம் உதவாது என்று நினைத்து விட்டுவிட்டு வந்திருப்பார்கள். 35×45 மில்லிமீட்டர் பிரிண்டை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650×2125 பிக்சல் கிடைக்கும். முகம் மட்டுமே நிறைந்திருக்கும் படம் என்பதால், 8×10 அளவில் அங்குலத்துக்கு 200 தேறிவிடும். குழு போட்டோவில் இல்லாத கண்ணும் உதடும் அந்தத் துண்டுப் படத்தில் இருக்கும்.

இப்போது மங்கலான முகத்தைக் கூர்மையாக்கித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவை இல்லாத இமையையும் பல்லையும் ஊகித்து வரைகின்றன. படம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அது அந்த மனிதரா என்பதைக் குடும்பத்தார்தான் சொல்ல முடியும். அதனால் அப்படிச் செய்த படத்தை அவர்களைத் திரைமுன் உட்காரவைத்துக் காட்டாமல் அச்சிடுவதில்லை. ஒரு மகள் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, “அழகா இருக்குக்கா, ஆனா எங்கப்பா இல்ல” என்றார். மென்பொருள் செய்ததை அழித்துவிட்டு, படத்தை 6×8க்குக் குறைத்து, மசங்கலை மறைக்கும் மேட் தாளில் போட்டு, அகலமான பார்டர் உள்ள ஃப்ரேமில் பொருத்திக் கொடுத்தோம். அவர் கேட்டதைவிடச் சிறிய படம்தான். ஆனால் அதில் இருந்தது அவருடைய அப்பா.

கல்யாணப் படங்களில் தாள் முதலில் விட்டுவிடுவது பட்டுப்புடவையின் நெசவை. அரக்குச் சிவப்புப் பட்டு கேமராவின் சிவப்புச் சேனலை உச்சமான 255க்குக் கொண்டுபோய் முட்டிவிடும். திரையில் செழிப்பாகத் தெரியும் அந்தச் சிவப்பு, தாளில் நெசவும் மடிப்பும் கரைந்து ஒரே பூச்சாக வரும். அதற்காகப் படம் முழுவதையும் மங்கலாக்கத் தேவையில்லை. சிவப்பின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்கினால், மறைந்திருந்த இழைகள் வெளியே வரும். சரிகையிலும் வேட்டியிலும் வெள்ளை முற்றிலும் எரிந்துபோயிருந்தால், அந்த இடத்தில் சாயமே விழாமல் வெறும் தாள் தெரியும். எடுத்தபோதே எரிந்துபோனதை மீட்க வழியில்லை; கொஞ்சமாவது விவரம் மிச்சமிருந்தால் ஹைலைட்டை இறக்கி மீட்டுக்கொள்ளலாம். மண்டபத்து எல்இடியின் ஊதாவும் நீலமும் முகத்தில் வழிந்திருக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அந்த நிறங்களின் செறிவைத் தனியாகக் குறைத்தபிறகுதான் முகத்தைத் தொடவேண்டும். கூர்மையேற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. படத்தை அச்சு அளவுக்குக் கொண்டுவந்து, நூறு சதவீதத்தில் பார்த்துச் செய்யவேண்டும். முடியோரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சரிசெய்தபின் எஞ்சி நிற்பது முகம். “கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க” என்பது லேபில் தினமும் கேட்கும் வார்த்தை. மணப்பெண்ணின் அம்மா கேட்பார், மாப்பிள்ளையே கேட்பார், ஸ்டுடியோக்காரர் கேட்காமலே செய்து கொண்டுவருவார். முகம் வெளுத்து, கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். அப்படிக் கேட்டு வந்த ஒரு படத்தைத்தான் அக்கா எனக்குப் பாடமாக வைத்தார். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் வெள்ளைத் திரை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டமெங்கும் வெள்ளையாக இருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். அப்போது முகம் தன் இயல்பைவிட இருண்டு பதிவாகும். போதாக்குறைக்கு டியூப்லைட்டின் பச்சை. “இந்தப் பையன் முகத்துல குறையுறது நிறமில்ல தம்பி, வெளிச்சம்” என்று சொல்லி, நடுத்தொனிகளை மட்டும் உயர்த்தி, ஒரு படி மெஜந்தா கூட்டினார். முகம் தெளிந்தது, நிறம் அவருடையதாகவே இருந்தது.

கறுத்த முகத்தின் வடிவம் அதில் விழும் மினுமினுப்பில் இருக்கிறது. நெற்றி, கன்னமேடு, மூக்குநுனி ஆகிய இடங்களில் ஒளி பட்டுத் தெறிப்பதால்தான் முகம் எடுப்பாகத் தெரிகிறது. மொத்தமாக வெளுத்தால் அந்த மினுமினுப்புக்கும் சருமத்துக்கும் உள்ள வேறுபாடு கரைந்து, முகம் தட்டையாகிவிடும். எண்ணிலும் இதற்கொரு காவல் உண்டு. நடுநிலையான வெளிச்சத்தில் எடுத்த மனிதச் சருமம் கறுப்போ மாநிறமோ சிவப்போ, சிவப்புச் சேனலின் எண் உயர்ந்தும் பச்சை அதற்கு அடுத்தும் நீலம் கடைசியிலும் இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் முகத்தில் உயிர் போய்விடும். இந்த வரிசை கலையாமல் டென்சிட்டியை மாற்றினால் யாருடைய நிறமும் அவரவருடையதாகவே நிற்கும்.

இந்தத் தொழிலின் அளவுகோல்களே ஒருகாலத்தில் வெள்ளை முகத்தை வைத்துத்தான் செய்யப்பட்டன. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ என்ற மாதிரிப் படத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். அவருடைய சருமம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ரோத் இந்த வரலாற்றை ஆராய்ந்து 2009இல் எழுதினார். கரும்பழுப்பு நிறங்களை பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் முறையிட்டதும் கோடாக் பிலிமை மேம்படுத்த ஒரு காரணமாக இருந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பல நிற மனிதர்கள் சேர்ந்திருக்கும் மாதிரிக் கார்டு வர 1990கள் ஆயின. இதைப் படித்தபிறகு, கரெக்‌ஷன் மேசையில் எங்கள் ஊர் முகங்களையே மாதிரிப் படமாக வைத்திருக்கும் அக்காவின் வழக்கம் எனக்கு முழுமையாக விளங்கியது. எங்கள் மெஷின் யாருடைய சருமத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் படங்கள்தான் முடிவு செய்கின்றன.

வெளுக்கக் கேட்பவரிடம் அக்கா விவாதம் செய்வதில்லை. 4×6இல் இரண்டு பிரிண்ட் போடுவார். ஒன்று கேட்டபடி வெளுத்தது. இன்னொன்று வெளிச்சமும் நிறச்சாய்வும் மட்டும் திருத்தியது. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் கையில் கொடுத்து, ஆளையும் பக்கத்தில் நிற்கச் சொல்வார். பலர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இருட்டும் பச்சையும் போன முகத்தைப் பார்த்ததும், தாம் கேட்டது இதைத்தான் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது அந்த மேசையில் நானும் படம் திருத்துகிறேன். செல்பேசியில் எத்தனையோ படங்கள் குவிந்திருக்கும் காலத்தில், ஒன்றைத் தேர்ந்து அச்சிடக் கொண்டுவருகிறீர்கள் என்றால் அது உங்கள் வீட்டில் நெடுநாள் இருக்கப்போகிற படம். பேரப்பிள்ளைகள் உங்களை அதில்தான் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆகவே அசல் ஃபைலைக் கொண்டுவாருங்கள். எந்த அளவு என்று முன்பே முடிவு செய்து, அந்த விகிதத்தில் யார் வெட்டுப்படுகிறார்கள் என்று பாருங்கள். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி, உயர்தர ஜேபெக். சந்தேகமிருந்தால் பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு 4×6 போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தின் நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அதில் குறைவது வெளிச்சம் என்றால், அதைக் கொடுக்க எங்களுக்குத் தெரியும்.